சுவர் டாக்டரிடம் சொன்ன பொய்

சமையலறைச் சுவரில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கும் டாக்டரிடம், திருப்பதிக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லிவைத்திருந்தாள் செண்பகவல்லி. உண்மையில் பயணம் தென்காசியிலிருந்து சென்னைக்கு, பெரிய கல்லீரல் ஆஸ்பத்திரிக்கு. புதிதாக வந்திருக்கும் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். கணவர் வேலாயுதத்தின் கட்டியை அறுத்தாலும் பயனில்லை என்று சுவர் டாக்டர் சொன்னதை, இன்னொரு வாயாலும் கேட்டால்தான் அவளுக்கு மனம் ஆறும் போலிருந்தது.

வெறும் இயந்திரம்தான். ஆனாலும் மகள் பிரசவ வலியில் துடித்தபோது, கையைப் பிடிக்காத குறையாகத் தைரியம் சொன்ன குரல் அது. அதன் முகத்தில் எப்படி விழிப்பது என்று, திரையின் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தாள்.

புறப்படும் காலையில் கணவருக்குத் தட்டில் இட்லி வைத்தாள்.

“அம்மா, ஐயாவுக்கு இட்லி வேண்டாம்,” என்றது துண்டுக்குப் பின்னாலிருந்து குரல். “வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போங்க.”

“கோயிலுக்குத்தான போறோம்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

“ஆமாம்மா. அந்தக் கோயில்ல முதல்ல ரத்தம்தான் எடுப்பாங்க. நான் சொன்னது தப்பா இருக்கணும்னு எனக்காகவும் வேண்டிக்கோங்க.”

செண்பகவல்லி இட்லியை மூடிவைத்தாள். துண்டை எடுக்கத்தான் கை வரவில்லை.