பதினாலு தடவை

விடுப்பு முடிந்து, கடையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் கார்குழலி உள்ளே நுழைந்ததும் ஜவுளிக்கடை மேனேஜர் இராமதாஸ் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்.

"முத்தியால்பேட்டை கிளையில நெட் லைன் பதினாலு தடவை அறுந்துச்சும்மா. ஒரு பில்கூட நிக்கல!"

"அந்த லைன் போனா, பில்லெல்லாம் கதிர்காமம் கிளை லைன் வழியா தானா மாறிப் போவும் சார். அப்படித்தான் அமைச்சிருக்கேன்."

நான்கு நாள் சோறு தண்ணி மறந்து அமைத்தது. பதவி உயர்வு கேட்க இதுதான் சமயம் என்று அவள் வாய் திறப்பதற்குள் அவர் ஒரு கவரை நீட்டினார்.

"நீ பிரசவத்துக்குப் போயி ஆறு மாசம் ஆவுது. ஒரு தடவைகூட உன்னக் கூப்பிட வேண்டிய அவசியமே வரல. இனிமே இந்த வேலைக்கு ஆளே வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு."

பேறுகாலத்தில் ஆபீஸ் போன் தொல்லை இருக்கக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாட்டையே அவள் செய்திருந்தாள்.