திட்டி எழுதிய கை

"அந்த ஆளை யாருடி கூப்பிட்டது?"

அம்மா காதோரம் கேட்டதும் பேத்தி திரும்பிப் பார்த்தாள்.

நகராட்சிக் கூடத்து வாசலில் ஓய்வுபெற்ற கிளார்க் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். கக்கத்தில் தடித்த ஃபைல்.

பாட்டி உறுப்பினராக இருந்த அதே கூடம். இன்று பாட்டிக்கு நினைவுக் கூட்டம். முதலில் பேச வேண்டியவள் பேத்தி.

ஃபைலில் என்ன இருக்கும் என்று வீட்டுக்கே தெரியும். மொட்டைக் கடுதாசிகள். எல்லாமே பாட்டியைத் திட்டி எழுதியவை. 'தெருவிளக்கு எரியவில்லை. எங்கள் உறுப்பினர் தூங்குகிறாரா?' 'குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இவருக்கு எதற்குப் பதவி?'

அப்போதைய நகராட்சித் தலைவருக்குப் பாட்டியைக் கண்டாலே ஆகாது. பாட்டி எழுந்து எதைக் கேட்டாலும் கொட்டாவி விடுவார். கடுதாசி வந்தால் மட்டும் கொண்டாட்டம். சபையில் ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். "கையெழுத்தை மறைக்க எவனோ இடது கையால கிறுக்கியிருக்கான்" என்று சிரிப்பார். பாட்டியின் மானத்தை வாங்கவென்றே மறுநாள் ஆளனுப்பி வேலையை முடித்துவிடுவார்.

மூன்று வருடம் பாட்டி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"எழுதின கை விளங்காமப் போகட்டும்" என்று அம்மா இன்றுவரை சபிக்கிறாள்.

பேத்தி வாசலுக்கு ஓடினாள். "ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இன்னைக்கு அதைப் பிரிக்காதீங்க. பாட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க, இனியாவது விட்டுடுங்க."

"பிரிச்சுத்தான் ஆகணும்மா. அவங்க இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கலை. இனிமே என்னால முடியாது."

அவர் முதல் வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

பேத்தி மைக் முன்னால் நின்றாள். தாளில் எழுதி வைத்திருந்த பெரிய பெரிய வாக்கியங்களெல்லாம் எங்கோ போய்விட்டன. வாய்க்கு வந்ததைப் பேசினாள்.

"எவ்வளவு வேலை இருந்தாலும் பாட்டி எனக்கு தினம் டிக்டேஷன் கொடுப்பாங்க. ஆரம்பிச்சப்போ நான் இரண்டாம் வகுப்பு. பெரிய பெரிய வார்த்தையா வரும், பாதி புரியாது. எழுதி முடிச்சா மூலையில ஒரு பூனை வரைஞ்சுக்கலாம். அதுதான் எனக்குப் பரிசு. 'நாளைக்குத் திருத்தித் தரேன்'னு பக்கத்தைக் கிழிச்சு எடுத்துட்டுப் போவாங்க. ஒரு நாளும் திருப்பித் தந்ததில்லை."

கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிளார்க் எழுந்து மேடைக்கு வந்துகொண்டிருந்தார்.

போச்சு. எல்லாம் போச்சு.

மைக்கை அவர் தன் பக்கம் இழுத்தார். "எழுத்துல புகார் வந்தாத்தான் இங்க வேலை நடக்கும். புகார்ல பேர் போட்டா தலைவரோட ஆளுங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அந்தப் பயத்துல ஒருத்தரும் எழுத மாட்டாங்க. ஆனா இந்த அம்மாவைத் திட்டி வந்த கடுதாசிக்கு மட்டும் உடனே விளக்கு எரிஞ்சுது, தண்ணி வந்துது. புகார்ப் பெட்டியைத் திறக்கறது என் வேலை. கடுதாசியை யார் கொண்டுவந்து போடறாங்கன்னு ஒரு நாள் கண்ணாலயே பார்த்துட்டேன்."

"அதை நான் சொல்றதைவிட, இதுல ஒண்ணை நீங்க படிங்கம்மா" என்று ஃபைலை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். இந்த எழுத்து தெரிந்தவர் எழுத்தாக இருந்தால்? முன்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் எவராவது எழுதியிருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு முதல் தாளைப் பிரித்தாள். பிறகு திறந்து பார்த்தாள்.

இரட்டைக் கோடு போட்ட நோட்டுத் தாள். ஓரம் கிழித்த தடம். பென்சிலில் குண்டு குண்டாக, கோணல்மாணலாக எழுத்து. கீழே மூலையில், ரப்பரால் அழுத்தி அழித்தும் போகாத ஒரு பூனையின் வால்.

அவள் கண்ணீர் தாளிலேயே விழுந்தது.

"எந்தப் பாவிடி எழுதினான்? சொல்லு!" முதல் வரிசையிலிருந்து அம்மா கத்தினாள்.

"நான்தாம்மா."