‘நார்மல்’ குழாய்

“நாலாவது தடவையா அதையே போடறே?”

லேப் சீஃப் கேட்டதும், டெக்னீஷியன் கையிலிருந்த குழாயை ஸ்டாண்டில் வைத்தாள்.

“குழப்பமா இருக்கு சார்.”

“இதுல என்ன குழப்பம்? பல் பிடுங்கி மூணு நாளாகியும் அந்தம்மாவுக்கு ரத்தம் நிக்கலை. அவங்க பிளாஸ்மாவோட, நல்லா இருக்கிற ஒருத்தரோட பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்தேன். நேரத்துக்கு உறைஞ்சிருந்தா, உறைய வைக்கிற சரக்கு ஏதோ அவங்களுக்குக் குறைச்சல்னு அர்த்தம். ஏத்தினா சரியாயிடும். உறையலை. அப்ப அவங்க ரத்தத்துக்குள்ளேயே ஏதோ தடுக்குது. ரிப்போர்ட் போயாச்சு, விடு.”

“தனியா நல்லா உறையற இன்னொருத்தர் பிளாஸ்மாவும், நம்ம ‘நார்மல்’ குழாயோட கலந்தா உறைய மாட்டேங்குதே சார்.”

“கம்பெனியிலேர்ந்து வர்ற நார்மல் பிளாஸ்மா தீர்ந்துபோச்சுன்னு காலையில நானே கையை நீட்டிக் குடுத்த ரத்தம் அது. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத உடம்பு. உன் கைதான் சரியில்லை.”

மத்தியானம் கவுன்டரில் டாக்டரின் குரல் உயர்ந்தது.

“காலையில தடுக்குதுன்னு ஒரு ரிப்போர்ட். இப்ப குறைச்சல்னு ஒரு ரிப்போர்ட். எதை நம்பறது? எதிர்ப்புச் சக்தியை அடக்கற மருந்து எழுதிட்டேன். இன்னும் ஏத்தலை, நல்ல காலம்.”

“கலக்கும்போது என் கை தப்பிடுச்சு டாக்டர். ரெண்டாவதுதான் சரி.”

“இது உயிர் சமாச்சாரம்மா. வேலை தெரியலைன்னா வீட்டுல இரு.”

உள்ளே சீஃப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் கலந்தது அவர். இவள் ஏன் தன் கை என்கிறாள்? புரியவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அவள் வந்ததும் பாய்ந்தார்.

“என்னைக் கேட்காம ரெண்டாவது ரிப்போர்ட் எப்படிப் போச்சு?”

அவள் கதவைச் சாத்தினாள்.

“என் ரத்தத்தை எடுத்து அந்தம்மாவோடதோட கலந்தேன் சார். முப்பத்துநாலு செகண்ட்ல, சரியான நேரத்துக்கு உறைஞ்சிடுச்சு. ரெண்டு மணி நேரம் சூட்டுல வச்சும் பார்த்தேன், மாறலை. அவங்களுக்குக் குறைச்சல்தான்.”

“அப்ப காலையில எனக்கு வந்தது?”

அவள் ஒரு சீட்டை நீட்டினாள். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. எழுபத்தொரு செகண்ட்.

“உங்க பிளாஸ்மாவை மட்டும் தனியாப் போட்டேன் சார்.”

“மெஷின்ல ஏதாவது...”

“மூணு தடவை போட்டேன். தடுக்கிறது உங்க ரத்தத்துல இருக்கு. இன்னிக்கே யாராவது டாக்டரைப் பாருங்க சார்.”

சீஃப் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“இதை டாக்டர்கிட்டயே சொல்லியிருக்கலாமே. உன் தப்புன்னு ஏன் சொன்னே?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன் சார். அவருக்குப் பின்னாடி உங்க வீட்டம்மா நின்னுட்டிருந்தாங்க, உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு.”