பதினோரு பையன்களும் ஒரு வெல்டரும்

தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க, வெல்டர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். மகள் தைலம் தேய்த்துவிட்டாள்.

"எனக்காக இந்த வயசுல மூச்சை அடக்கி நீந்துறியேப்பா!"

"வாயையே அடக்கத் தெரியாத மனுஷன், மூச்சை அடக்குறாராம்!" என்றாள் மனைவி.

மகளின் ஆராய்ச்சி அது. மூச்சை அடக்கி நீந்தினால் உடம்பில் ஆக்சிஜன் குறையும். அதை ஈடுகட்ட ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுமா என்று பதினோரு கல்லூரிப் பையன்கள், அப்பா எனப் பன்னிரண்டு பேரை வைத்துச் சோதித்தாள். வாரம் மூன்று நாள், ஆறு வாரம் நீச்சல். நீந்திய நாளை அவரவரே நோட்டில் குறிக்க வேண்டும்.

"பதினோரு பையன்களுக்கும் ஒண்ணும் மாறலை. உனக்கு மட்டும் எகிறியிருக்கு! நாளைக்கு புரொபசர் முன்னாடி நீந்திக் காட்டு. அதை வச்சுத்தான் முடிவே எழுதப்போறேன்."

பையன்களை ஜெயித்த பெருமை வெல்டருக்கு அரை நிமிடம்தான் நிலைத்தது.

"எழுதிடாதேம்மா."

"ஏன்?"

"முதல் நாள் குளத்துல கால் வச்சதுமே பயந்துட்டேன். அப்புறம் தண்ணியில இறங்கவே இல்லை. துண்டைக் குழாயில நனைச்சுக்கிட்டு வந்துடுவேன். தோள் வலி பட்டறையில இரும்பு தூக்கினது."

"அப்ப ரத்தம் எப்படி மாறுச்சு?"

"விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணேனே, சிகரெட்... குளத்துச் சுவருக்குப் பின்னாடி உட்கார்ந்து, போற நாளெல்லாம் ஒரு பாக்கெட்."

மகள் தைலத்தை மூடினாள். புகையும் ஆக்சிஜனை மறித்துச் சிவப்பணுவைக் கூட்டும் என்பது அவள் படித்த பாடம்தான்.

"நுரையீரலாவது உழைச்சிருக்கே," என்றாள் மனைவி.

நோட்டில் அவர் அழகாகக் குறித்திருந்த பதினெட்டு நாளையும் மகள் ஒவ்வொன்றாக அடித்தாள். வெல்டர் மகளுக்குத் தரவேண்டிய பாக்கி, பதினெட்டு நாள் நீச்சல்.