போர்வைமேல் விரல்கள்

கட்டி ஒட்டுக்கேட்கிறது என்றுதான் தணிகைவேல் புரிந்துகொண்டார். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: "உங்க மனைவி மூளையில இருக்கிற புற்றுநோய் செல்லுங்க, பக்கத்து நரம்பு செல்லுங்களோட இணைப்பு வச்சுக்குதுங்க. நரம்புல ஓடுற சிக்னல் அதுக்கும் போய்ச் சேருது. சேர்ந்ததும், வளரச் சொல்ற ஜீனெல்லாம் முழிச்சுக்குது." அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் தணிகைவேலின் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிவி ஒயரைப் பிடுங்கினார். மனைவி அரசி குறுக்கெழுத்துப் போடும் பத்திரிகையை நிறுத்தினார். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினார். "ஒண்ணும் யோசிக்காத அரசி. சும்மா கண்ண மூடிக்க," என்றார். பிறகு தானும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் குரலும் அவள் நரம்பு வழியாகத்தானே உள்ளே போகும்.

அரசி சொன்னபடி கேட்டாள். ஒரு மத்தியானம் போர்வையின் மேல் அவள் விரல்கள் துடிப்பதைக் கண்டு, வலிப்போ என்று பதறி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருவரும் கோர்ட்டில் அடுத்தடுத்த மேசையில் தமிழ் டைப் அடித்தவர்கள். எந்த விரல் எங்கே போனால் என்ன எழுத்து என்று பார்த்தாலே அவருக்குத் தெரியும். அவள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள்: பேசுங்க.

நிறுத்தத்தான் கையை நீட்டினார். நீட்டிய கை அவள் விரல்களுக்கடியில் போய் விரிந்துகொண்டது. எழுத்துகள் இப்போது அழுத்தமாக விழுந்தன. ஒவ்வொன்றையும் உள்ளே அந்தக் கட்டியும் கேட்டுக்கொண்டிருந்தது.