மூன்று நாள் நெஞ்சு வலி

நுழைவுத் தேர்வில் நான்கு முறை தோற்ற பிறகு நிறைமதிக்கு மருத்துவக் கல்லூரியிலேயே ஒரு வேலை கிடைத்தது. நோயாளியாக நடிக்கும் வேலை. பக்கத்து வீட்டார் கேட்டால், "மெடிக்கல் காலேஜ்லதான் இருக்கா" என்பாள் அம்மா. பொய்யில்லை. தினமும் காலையில் அவளிடம் ஒரு தாள் கொடுப்பார்கள். அன்றைக்கு அவளுக்கு என்ன நோய் என்று அதில் எழுதியிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க, மாணவர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் வந்து அவளைப் பரிசோதித்துப் பழகுவார்கள்.

இன்று, மூன்று நாளாக நெஞ்சு வலி. முதலில் வந்த ரெஹானா ஸ்டெதஸ்கோப்பை எங்கேயோ வைத்தாள்.

"அங்க இல்லப்பா. அஞ்சாவது விலா எலும்புக்குக் கீழ" என்று நிறைமதியே அவள் கையைப் பிடித்து நகர்த்தினாள். "கேக்குதா?"

"கேக்குதுக்கா. நீங்களும் கேட்டுப் பாருங்களேன்."

ரெஹானா அதைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டாள். நான்கு வருடம் மனப்பாடம் செய்த சத்தம். காதில் விழுந்தது இப்போதுதான். ஒரு பெரிய வீட்டில் யாரோ இரண்டிரண்டு கதவுகளாகச் சாத்திக்கொண்டே அவளை நோக்கி வருவது போலிருந்தது. கேட்டுக்கொண்டே எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். மணி அடித்ததும் ரெஹானா பதறிப்போய் ஸ்டெதஸ்கோப்பை மறந்து ஓடியதும் அவளுக்குத் தெரியவில்லை.

திரையை விலக்கி அடுத்த மாணவன் வந்தான்.

"குட் மார்னிங், டாக்டர். பேஷன்ட் எங்க?"

நிறைமதி காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

"இப்பதான் எந்திரிச்சுப் போனாங்க" என்றாள்.