கதவில் ஒட்டிய நோட்டீஸ்

"திருட்டு அமைச்சரே, வெளியே வாய்யா!"

சோஃபியா நகரமே ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஜனவரி அது. சோஷலிசக் கட்சி அமைச்சர் லூபென் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படியெங்கும் விசில் சத்தம். முட்டைகளோடு வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு வாசல் போலீஸ்காரர் நழுவிவிட்டார்.

கதவருகே வந்ததும் சத்தம் சட்டென்று அடங்கியது.

"கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருக்குய்யா. பொண்டாட்டி போட்டோ."

"எல்லாம் நடிப்பு!"

"நடிப்போ நிஜமோ, சாவு நோட்டீஸ் ஒட்டின வாசல்ல நின்னு கத்துவியா? தொப்பியைக் கழட்டுடா!" என்றது ஒரு பெண்குரல்.

காலடிகள் மெல்லப் படியிறங்கின.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. கட்சிச் செயலாளர் கலோயன்.

"பலே தோழரே! ஒரு நோட்டீஸை ஒட்டியே கூட்டத்தைத் திருப்பி அனுப்பிட்டீங்களாமே! எங்களுக்கு இந்த மூளை வரலையே. அது சரி, உங்க வீட்டம்மா நெவெனாவை எந்த ஊர்ல ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணிட்டேன், கலோயன். உங்க ஆபீசுக்கு ரெண்டு தடவை போன் பண்ணிச் சொன்னேன். ஒருத்தரும் வரலை."

லூபென் ரிசீவரை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

நெவெனாவின் படத்துக்குக் கீழே, எறியக் கொண்டுவந்த முட்டைகள் உடையாமல் இருந்தன. எண்ணி நாலு. அந்த ஊரில் இறந்தவர்களுக்கு மட்டும் வைக்கும் பூக்களைப் போலவே, இரட்டைப்படையில்.